டிஸ்க்கா, டிஜிட்டலா?

கேள்வி: என் மகளுக்குப் பதினான்கு வயது. அயர்லாந்துக்காரர்கள் எடுத்த ‘உல்ஃப்வாக்கர்ஸ்’ படத்தைப் பார்த்ததிலிருந்து நாள் முழுக்கப் படம் வரைந்துகொண்டிருக்கிறாள். நியூஜெர்சியிலிருந்து என் தம்பி டிசம்பரில் வருகிறான். டிஸ்க் வாங்கி வரச் சொல்லவா, ஆன்லைனிலேயே காசு கட்டி வாங்கிவிடலாமா? இந்தக் காலத்தில் டிஸ்க் எதற்கு என்கிறார் என் வீட்டுக்காரர்.
– வாசகி, திருச்சி

பதில்: டிஸ்க்கே வாங்கி வரச் சொல்லுங்கள், அம்மா.

கூட்டம் சேர்க்கும் பெரிய படங்களைப் பொறுத்தவரை உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரிதான். அவை ஏதாவது ஒரு ஓடிடியில் கிடைத்துக்கொண்டேதான் இருக்கும். சிறிய வட்டம் மட்டுமே தேடிப் பார்க்கும் அனிமேஷனுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. ‘இன்ஃபினிட்டி டிரெயின்’ என்ற அமெரிக்கத் தொடர் நான்கு பாகங்கள் வந்தது. 2022 ஆகஸ்டில் எச்பிஓ மேக்ஸ் அதைத் தூக்கிவிட்டது. டிவிடியாக வந்தவை முதல் இரண்டு பாகங்கள் மட்டுமே. மற்ற இரண்டையும் அலமாரியில் எடுத்து வைக்க வழியே இல்லை.

காசு கொடுத்து வாங்கிய டிஜிட்டல் பிரதியும் நிலைப்பதில்லை. ஃபனிமேஷன் நிறுவனம் ஜப்பானிய அனிமே டிஸ்க் பெட்டிகளுக்குள் ஒரு குறியீட்டு எண் வைத்து விற்றது. அதைப் பதிந்தால் அதே தொடர் டிஜிட்டலாகவும் கிடைக்கும். 2024 ஏப்ரல் 2-ஆம் தேதி தங்கள் ஸ்ட்ரீமிங் செயலியை மூடினார்கள். பதிந்து வைத்திருந்த பிரதிகள் க்ரன்சிரோல் என்ற அனிமே ஓடிடிக்கு மாறவில்லை, அத்தோடு போயின. அதே பெட்டியில் இருந்த டிஸ்க் இன்றும் ஓடுகிறது. ‘வாங்கு’ என்ற பொத்தானை வைத்து உரிமம் மட்டும் விற்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் சட்டமே வந்துவிட்டது. 2025 ஜனவரி முதல் அது நடப்பில் இருக்கிறது.

உங்கள் மகள் படம் வரைகிறவள் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘உல்ஃப்வாக்கர்ஸ்’ படத்தில் நகரத்து மனிதர்களுக்கு மரச்செதுக்கு அச்சு போன்ற கெட்டியான கோடு. காட்டுக்குள் போனால் பென்சிலால் முதலில் கிறுக்கிய கோடுகளையே அழிக்காமல் விட்டிருப்பார்கள். ஓநாயின் முதுகில் அந்தக் கிறுக்கல் ஒவ்வொரு அசைவுக்கும் துடிக்கும். ப்ளூ-ரேயில் நொடிக்கு 40 மெகாபிட் வரை படத்துக்கு ஒதுக்க முடியும். எச்டி ஸ்ட்ரீமிங்குக்கு நெட்ஃப்ளிக்ஸ் கேட்கும் நெட் வேகமே 5 மெகாபிட்தான். வேகம் குறையும்போது முதலில் மங்குவது இந்த மெல்லிய கோடுகள்தான். இரவு வானத்தின் நீலமும் படிப்படியாகப் பட்டை பட்டையாகத் தெரியும். கோடு எப்படிப் போகிறது என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கிற பிள்ளைக்கு இது பெரிய இழப்பு.

இந்தப் படம் 2020-இல் ஆப்பிள் டிவி பிளஸ்ஸில் வந்தது. மறு ஆண்டு இறுதியில், ‘தி சீக்ரெட் ஆஃப் கெல்ஸ்’, ‘சாங் ஆஃப் தி சீ’ இரண்டோடும் சேர்த்து ஜிகிட்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் ஒரே ப்ளூ-ரே பெட்டியாக வெளியிட்டது. மூன்றையும் எடுத்தது அயர்லாந்தின் கில்கென்னி ஊரிலுள்ள கார்ட்டூன் சலூன் ஸ்டுடியோதான். தம்பியிடம் இந்தப் பெட்டியைக் கேளுங்கள். தமிழ் ஒலியையோ தமிழ் சப்டைட்டிலையோ எதிர்பார்க்காதீர்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் ரீஜனை, அதாவது எந்தப் பகுதியின் பிளேயரில் ஓடும் என்ற குறியீட்டை, பார்க்கச் சொல்லுங்கள். ப்ளூ-ரேயில் அமெரிக்கா ஏ, இந்தியா சி. டிவிடியில் அவர்களுக்கு 1, நமக்கு 5. பெட்டியின் பின்பக்கம் சிறிய சின்னத்துக்குள் அந்த எழுத்தோ எண்ணோ இருக்கும். இங்கே வாங்கிய சாதாரண பிளேயரில் ஏ டிஸ்க் ஓடாமல் போகலாம். எல்லா ரீஜனும் ஓடும் பிளேயரையும் சேர்த்து வாங்குவதே நல்லது. லேப்டாப்பில் மாட்டும் டிவிடி டிரைவில் ரீஜனை ஐந்து முறைதான் மாற்ற முடியும், ஐந்தாவதாக வைத்ததே நிரந்தரமாகிவிடும்.

டிஸ்க்குக்கும் ஆயுள் உண்டு, அதை மறைக்க மாட்டேன். என்னிடமுள்ள ஒரு டிவிடியின் ஓரம் செம்பு நிறமாகி, கடைசி இருபது நிமிடம் ஓடுவதில்லை. பிளேயர் செய்பவர்களும் குறைந்துவருகிறார்கள். சாம்சங் அமெரிக்கச் சந்தைக்குப் புது ப்ளூ-ரே பிளேயர் செய்வதை 2019-இலேயே நிறுத்திவிட்டது. வெயில் படாத இடத்தில், பெட்டிக்குள், நிமிர்த்தி வையுங்கள். கையில் எடுக்கும்போது ஓரத்தையும் நடுத்துளையையும் மட்டும் தொடுங்கள்.

புதிதாக ஒரு படத்தைப் பார்த்துப் பழக ஸ்ட்ரீமிங் போதும். திரும்பத் திரும்பப் பார்க்கிற படம் என்று மகள் எதைச் சொல்கிறாளோ, அதை மட்டும் டிஸ்க்காக வாங்குங்கள். பட்டியலை அவளையே எழுதச் சொல்லி, நவம்பருக்குள் தம்பிக்கு அனுப்பிவிடுங்கள்.