ஃப்ளஷ் டேங்க்: ரெண்டு வால்வு, ஒரு பென்சில் கோடு

ராத்திரி ரெண்டு மணி. ரூம்ல எல்லாரும் தூங்கியாச்சு. யாருமே போகாத பாத்ரூம்ல திடீர்னு "ஸ்ஸ்ஸ்"னு தண்ணி ஏறுற சத்தம். கொஞ்ச நேரத்துல நின்னுடும். முக்கால் மணி நேரம் கழிச்சு மறுபடியும் அதே சத்தம்.

பேய் எல்லாம் இல்லைங்க. டேங்க் கசியுது. "செட்டையே மாத்திடலாம்"னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, மூடியைத் திறந்து ஒரு தடவை பாருங்க.

உள்ளே என்ன இருக்கு?

எந்த கம்பெனி டேங்க்கா இருந்தாலும் முக்கியமான பாகம் ரெண்டுதான்.

முதலாவது, தண்ணியை உள்ளே விடும் ஃப்ளோட் வால்வு. மட்டம் ஏற ஏற மிதவை மேலே வந்து தண்ணி வரும் வழியை அடைக்கும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல நாம படிக்கிற ஃபீட்பேக் இதுதான். மிதவைதான் சென்சார். அதிலிருக்கும் ஸ்க்ரூ, செட் பாயின்ட். இதே யோசனையை கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே அலெக்சாண்டிரியாவில் டெசிபியஸ் தன் நீர்க்கடிகாரத்தில் பயன்படுத்தியிருக்கிறார்.

இரண்டாவது, தண்ணியை வெளியே விடும் ஃப்ளஷ் வால்வு. பட்டனை அமுக்கினா அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் மேலே தூக்கும். தண்ணி மொத்தமா இறங்கினதும் மறுபடி உட்காரும். அதோடு சேர்ந்து நிற்கும் குழாய், ஓவர்ஃப்ளோ. மட்டம் எல்லை தாண்டினா தண்ணி அதுவழியா கோப்பைக்குள்ள போயிடும்.

எது கெட்டுப்போச்சு?

1. டேங்க் நிறைஞ்சதும், சுவத்துல இருக்கும் ஆங்கிள் காக்கை மூடுங்க.
2. தண்ணி மட்டத்துல டேங்க்கின் உள்பக்கம் பென்சிலால கோடு போடுங்க.
3. அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணக்கூடாது. அப்புறம் திறந்து பாருங்க.

மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கு, டேங்க்குக்கு வெளியே ஈரமும் இல்லைன்னா ஃப்ளஷ் வால்வு வாஷர் சரியா உட்காரலை. நடுராத்திரி சத்தத்துக்குக் காரணம் இதுதான்.

மட்டம் அப்படியே இருக்கு, ஆனா காக்கைத் திறந்ததும் தண்ணி ஓவர்ஃப்ளோ வரைக்கும் ஏறி வழியுதுன்னா ஃப்ளோட் வால்வுல கோளாறு. முதல்ல ஸ்க்ரூவைத் திருப்பி மிதவையைக் கீழே இறக்குங்க. மட்டம் ஓவர்ஃப்ளோ வாய்க்கு ரெண்டு செ.மீ. கீழே நிக்கணும். அப்பவும் நிக்கலைன்னா வால்வைக் கழட்டிச் சுத்தம் பண்ணணும்.

ஏன் நம்ம ஊர்ல அடிக்கடி?

மத்திகிரி, ஓசூர் பக்கம் எல்லாம் பாறைப் பூமி. ஆழமான போர் தண்ணியில கால்சியம், மெக்னீசியம் உப்பு அதிகம். அது வாஷர் உட்காரும் விளிம்பில் வெள்ளையாப் படியும். ஒரு மணல் அளவு படிஞ்சாலே போதும், அந்த இடைவெளியில் தண்ணி ஒழுகும். அதாவது பல நேரம் வால்வு கெட்டிருக்காது. உப்புதான் பிடிச்சிருக்கும்.

ஆங்கிள் காக்கை மூடி, டேங்க்கைக் காலி பண்ணி, ஃப்ளஷ் வால்வைக் கால் சுற்று திருப்பித் தூக்குங்க. பெரும்பாலான மாடல்ல கையோட வந்துடும். வாஷரையும் அது உட்காரும் விளிம்பையும் வினிகர் அல்லது எலுமிச்சை உப்பு கரைச்ச தண்ணியால ஊறவெச்சு, பழைய டூத் பிரஷால தேயுங்க. பிளேடால சுரண்டாதீங்க, கீறல் விழுந்தா அதுவே புது கசிவு. வாஷர் விறைச்சுப் போயிருந்தா மட்டும் புதுசு வாங்குங்க. பழசைக் கடைக்குக் கையோட எடுத்துட்டுப் போங்க. பிளாஸ்டிக் நட்டை ஸ்பேனர் போட்டு இறுக்கவே கூடாது. முக்கியமா, ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒண்ணா ஊத்தாதீங்க; குளோரின் வாயு வரும்.

டேங்க் நிறைய நேரம் எடுக்குதா? ஃப்ளோட் வால்வுக்குத் தண்ணி வரும் இடத்தில் ஒரு குட்டி வலை இருக்கும். அதுல மணல் அடைச்சிருக்கும், கழுவினா சரி. ஃப்ளஷ் வேகமே இல்லையா? மட்டம் குறைவா இருக்கலாம். இல்லைன்னா கோப்பை விளிம்புக்கு அடியில் இருக்கும் ஓட்டைகள்ல உப்பு அடைச்சிருக்கலாம்.

கணக்கு

டேங்க்கின் உள் அளவு 35 செ.மீ.க்கு 12 செ.மீ.ன்னு வெச்சுக்கோங்க. பரப்பு 420 சதுர செ.மீ. அரை மணியில் மட்டம் ஒரு செ.மீ. இறங்கினா 420 மி.லி. போச்சு. ஒரு நாளைக்கு 20 லிட்டர். ஹாஸ்டல்ல இப்படி 40 டாய்லெட் இருந்தா மாசம் 24,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர்ல ரெண்டு லோடு.

நம்ம மாவட்டத்துக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல தான் வந்தது. காவிரித் தண்ணி 500 மீட்டருக்கு மேல உயரம் ஏறித்தான் ஓசூருக்கு வருது. சம்ப்ல அதுவும் கலந்திருந்தா, ஒழுகுறது அதுவும்தான்.

வார்டன்கிட்ட "சார், லீக் ஆகுது"ன்னு சொன்னா "பாக்கலாம்பா"ன்னு பதில் வரும். பென்சில் கோட்டைக் காட்டி, "சார், மாசம் ரெண்டு லோடு"ன்னு சொல்லிப் பாருங்க.