தண்ணீர் போகும் வழி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அக்கா போனில் சொன்னாள். வாரத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் ரேடியேட்டரில் ஊற்றிவிட்டுத்தான் கொடைக்கானல் ஏறுகிறாயாம். வண்டிக்கு அடியில் சொட்டு இல்லை, டெம்பரேச்சர் முள்ளும் ஏறவில்லை, அதனால் பரவாயில்லை என்று ஓட்டுகிறாயாம். முள்ளைப் பற்றி நீ சொன்னதுதான் எனக்குக் கவலை. அது தண்ணீரில் மூழ்கியிருக்கும் சென்சாரை வைத்து நகர்கிறது. தண்ணீர் அதற்குக் கீழே இறங்கிவிட்டால், ஹெட் காய்ந்து கிடக்கும்போதும் முள் நடுவிலேயே நிற்கும். சில வண்டியில் கீழேகூட இறங்கும். இனி முள்ளைப் பார்த்து மலை ஏறாதே, அளவைப் பார்த்து ஏறு.

ரிசர்வ் டேங்கில் மார்க்கரால் ஒரு கோடு போடு. தினமும் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, ஒரே சமதளத்தில் நிறுத்திப் பார். எவ்வளவு குறைந்தது, முந்தின நாள் மலையா சமவெளியா, லோடா காலியா என்று டீசல் கணக்கு நோட்டிலேயே எழுது. மலைக்குப் போன நாளில் மட்டும் குறைகிறதா, சும்மா நின்ற நாளிலும் குறைகிறதா என்று தெரிந்தாலே தேடுகிற இடம் பாதியாகிவிடும்.

மலையில் மட்டும்தான் என்றால் முதலில் மூடியைப் பார். குக்கர் வெயிட் செய்கிற வேலையைத்தான் ரேடியேட்டர் மூடி செய்கிறது. அதன் தலையில் 0.9 என்று போட்டிருந்தால், அத்தனை பார் அழுத்தம் வரை பிடித்து வைக்கும். அந்த அழுத்தத்தில் சமவெளியில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. அழுத்தம் நிற்கவில்லை என்றால் கதை வேறு. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். வத்தலக்குண்டிலிருந்து செகண்ட் கியரில் லோடோடு ஏறும் டீசல் இன்ஜின் அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தொடும். ரப்பர் வெடித்த மூடி போட்ட வண்டி மேலே போகப் போக ஆவியாக விட்டுக்கொண்டே போகும், அடியில் ஒரு சொட்டு விழாது.

அந்த மூடிக்குள் இன்னொரு சின்ன வால்வும் உண்டு. ஆறும்போது ரிசர்வ் டேங்கிலிருந்து தண்ணீரைத் திரும்ப உள்ளே இழுப்பது அதுதான். காலையில் மேல் ஹோஸ் ஒட்டிப்போய்ச் சப்பையாக இருந்தால் அந்த வால்வு ஒட்டிக்கொண்டது என்று பொருள். விலை குறைந்த சாமான். அதே அழுத்த அளவில் புதிது வாங்கிப் போடு. சூட்டில் மட்டும் திறந்துவிடாதே, முகமே வெந்துபோகும்.

மூடி மாற்றியும் குறைந்தால் டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொள். சூடான இரும்பில் கசிவது சொட்டாது, காய்ந்து வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குத் தட்டி நிற்கும். கிளிப்புக்கு அடியில் ஹோஸ் முனை, ரேடியேட்டரில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் ஓரம், பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வெல்ஷ் பிளக்குகள், இவற்றை நிதானமாகப் பார். வாட்டர் பம்ப்பின் கழுத்துக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதிலிருந்து கறை கோடாக இறங்கியிருந்தால் உள்ளே சீல் போய்விட்டது. பம்ப்பை மாற்ற வேண்டியதுதான்.

வெளியே எங்குமே இல்லை என்றால்தான் உள்ளே சந்தேகப்பட வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், சூடு ஏறும் முன்பே மேல் ஹோஸ் கல்லுப்போல் இறுகினாலோ, ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஓட்டும்போது குமிழி நிற்காமல் வந்தாலோ ஹெட் கேஸ்கட் வழியாகப் புகை தண்ணீருக்குள் வருகிறது. ஆயில் ஸ்டிக்கில் பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் வண்டியை அந்த இடத்தைவிட்டு எடுக்காதே. குமிழியும் இல்லை, ஆயிலும் சுத்தம், ஆனால் சைலன்சரில் வெள்ளைப் புகை மட்டும் வருகிறதென்றால் புகையைத் தண்ணீரால் ஆற்றும் ஈஜிஆர் கூலரைக் கழற்றிச் சோதிக்கச் சொல். அதைப் பார்க்காமல் ஹெட்டை இறக்கி, லேத்துக்கு அனுப்பி, கடைசியில் அதே குறை நீடித்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். பிரஷர் டெஸ்ட் செய்யாமல் ஹெட்டில் கை வைக்க யாரையும் விடாதே, எவ்வளவு பழகிய மெக்கானிக்காக இருந்தாலும் சரி.

ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டால் அடைக்கும் என்று ஸ்டாண்டில் சொல்வார்கள். நடுவழியில் நின்றால் வீடு வந்து சேர உதவும், உண்மைதான். ஆனால் அது ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்காது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். போர் தண்ணீரும் வேண்டாம், உப்புப் படியும். கூலன்ட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து வைத்துக்கொள். கூலன்ட் இனிக்கும், விஷம். வடித்துப் பிடித்த தட்டை வாசலில் வைத்துவிடாதே, நாய்க்குட்டி நக்கினால் பிழைக்காது.

வெள்ளிக்கிழமை இரவே வண்டியை இங்கே கொண்டுவந்து போட்டுவிடு. கை பம்ப் வைத்த பிரஷர் டெஸ்டர் என்னிடம் இருக்கிறது. காலையில் ஆறிய இன்ஜினில் 0.9 ஏற்றிவிட்டு கால் மணி நேரம் உட்கார்ந்து பார்ப்போம். நோட்டை மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
மாமா