ஆறு பேர் தனித்தனியாகப் போனோம்

இந்த வாரம் என் சொந்தத் தவறு ஒன்றை எழுதுகிறேன். வெட்கம்தான். ஆனாலும் உங்களில் ஒருவராவது இதனால் தப்பினால் போதும்.

லிந்துலையிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் கடை வைத்திருக்கும் ஆறு பேர், சில வருடங்களுக்கு முன்பு கொழும்புப் பக்கம் கட்டப்படவிருந்த ஒரு தொடர்மாடியில் வீடு வாங்க முற்பணம் கட்டினோம். பிள்ளைகளின் படிப்புக்கு ஆகும் என்று நினைத்தோம். எங்கள் கையில் இருந்தது ஒரு பற்றுச்சீட்டும் வர்ணப் படம் போட்ட விளம்பரப் புத்தகமும்தான். நான்கு வருடமாகியும் தூண்களுக்கு மேல் எதுவும் எழும்பவில்லை. ஒவ்வொருவராகப் போனோம். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தவணை சொன்னார்கள்.

ஒருநாள் கம்பனியிலிருந்து எனக்கு மட்டும் அழைப்பு வந்தது. கட்டியதில் பாதிக்குக் காசோலை தருவதாகவும், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையெழுத்திட வேண்டும் என்றும், மற்றவர்களிடம் சொல்லக்கூடாது என்றும் சொன்னார்கள். பெருநாள் வியாபாரத்துக்குச் சரக்கு எடுக்கப் பணம் தேவைப்பட்ட நேரம். கையெழுத்திட்டுவிட்டேன். அடுத்து வந்தவர்களுக்குக் கிடைத்தது அதைவிடக் குறைவு. கடைசியில் என் பக்கத்துக் கடை நானாவுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை.

இதே நிலையில் இருந்தவர்கள் வேறு விதமாக நடந்துகொண்டதை இந்தியாவில் பார்க்கிறோம். டெல்லிக்கு அருகில் உள்ள நொய்டாவில், சூப்பர்டெக் கம்பனி கட்டிய எமரால்டு கோர்ட் குடியிருப்பில் பலர் வீடு வாங்கினார்கள். பூந்தோட்டம் என்று காட்டிய இடத்தில் பிறகு 40 மாடி இரட்டைக் கோபுரம் எழும்பத் தொடங்கியது. கட்டிடங்களுக்கிடையில் 16 மீட்டர் இருக்க வேண்டும். விடப்பட்டதோ 9 மீட்டர்தான். வரைபடத்தைக் கேட்ட குடியிருப்பாளருக்கு அதைக் கொடுக்காமல், கம்பனி சம்மதிக்கிறதா என்று கேட்டது நொய்டா அதிகாரசபை.

அவர்கள் தனித்தனியாகப் பேரம் பேசவில்லை. குடியிருப்போர் நலச் சங்கத்தின் பெயரில், பணம் திரட்டி, 2012 டிசம்பரில் அலகாபாத் நீதிமன்றம் சென்றார்கள். 2014 ஏப்ரலில் கோபுரங்களை இடிக்கும்படி தீர்ப்பு வந்தது. கம்பனி மேன்முறையீடு செய்தது. 2021 ஆகஸ்ட் 31இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதே தீர்ப்பை உறுதிப்படுத்தியது. அந்தக் கோபுரங்களில் வீடு பதிவு செய்தவர்களுக்கு 12 சதவீத வட்டியோடு பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும், சங்கத்துக்கு 2 கோடி இந்திய ரூபா கொடுக்கவும் உத்தரவானது. 2022 ஆகஸ்ட் 28இல் சில விநாடிகளில் இரண்டு கோபுரங்களும் தரைமட்டமாயின. ஏறக்குறைய பத்து வருடம் எடுத்தது. ஆனால் இடையில் சங்கம் கலையவில்லை.

அம்ரபாலி என்ற இன்னொரு கம்பனியின் விடயத்தில் 42,000க்கும் மேற்பட்டோர் வீடு வாங்கப் பணம் கட்டியிருந்தார்கள். அந்தப் பணம் வேறு வழிகளில் திருப்பப்பட்டது என்று கணக்காய்வில் தெரிந்தது. 2019 ஜூலை 23இல் உச்ச நீதிமன்றம், மீதிக் கட்டுமானத்தை முடிக்கும் பொறுப்பை அரசு நிறுவனமான என்.பி.சி.சி.யிடம் கொடுத்தது.

நமது நாட்டில் நாம் கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, உறுதி. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் ஒப்பந்தமும் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். பற்றுச்சீட்டு பணம் கட்டியதைக் காட்டுமே தவிர வீட்டை நமதாக்காது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனில் மிக நீளமானது என்பதை நாம் அறிவோம். கடைக் கடனை எழுதுகிற நாம் வீட்டு விடயத்தில் மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது, விளம்பரப் புத்தகம், வரைபடம், கடிதம் எதையும் வீசாதீர்கள். நொய்டாக்காரர்கள் தங்களுக்கு முதலில் என்ன சொல்லப்பட்டது என்று காட்டியதும் வழக்குக்கு உதவியது.

மூன்றாவது, ஒரே நலன் உள்ள பலருக்காக, நீதிமன்றத்தின் அனுமதியோடு, ஒருவரோ சிலரோ வழக்காட நமது குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவையின் 16ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆறு சட்டத்தரணிகளுக்குக் கட்டும் பணத்தை ஒருவருக்குக் கட்டலாம். பொதுப் பணத்துக்கு ஒரு கணக்குப் புத்தகம் வையுங்கள். தனியாக யாருக்காவது காசோலை நீட்டினால், கையெழுத்திட முன் எல்லோருக்கும் சொல்வதாக முதல் நாளே பேசி முடியுங்கள்.

நான்காவது, காலம். காலாவதிக் கட்டளைச் சட்டப்படி பொதுவாக எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம், எழுத்தில் இல்லாததற்கு 3 வருடம்தான். அதற்குள் வழக்குப் போட வேண்டும். தவணை சொல்லிக்கொண்டே போகிறவர்கள் இந்தக் கணக்கை நன்றாக அறிந்தவர்கள்.

அண்மையில் நானாவின் பற்றுச்சீட்டோடு அவரையும் அழைத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போனேன். காலம் கடந்துவிட்டது என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நானா ஒன்றும் கேட்கவில்லை. இன்றும் அஸருக்குப் பிறகு என் கடையில்தான் தேநீர் குடிக்கிறார். நான் அன்று வாங்கிய காசோலையின் தொகையை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தை அவர் வாசிப்பார். அதன் பிறகு நானே சொல்வேன்.