செங்காந்தளைச் சட்டத்துக்குள் அமைப்பது

கேள்வி: பூவை நட்டநடுவில் வைத்து எடுத்தும் படம் எடுபடுவதில்லை. எப்படி அமைப்பது, எங்கே வெட்டுவது?

பதில்: பூவின் வடிவமே அதற்கு வழிகாட்டும். செங்காந்தள் தலைகுனிந்து மலர்வது. ஆறு இதழ்களும் மேல்நோக்கி வளைந்திருக்க, மகரந்தத் தாள்கள் சுற்றிலும் விரிகின்றன. சூல்தண்டு மட்டும் ஏறக்குறைய செங்கோணத்தில் ஒரு பக்கமாகத் திரும்பி நீள்கிறது. நின்றபடி மேலிருந்து எடுத்தால் இதெல்லாம் மறைந்துபோகும். கேமராவைப் பூவின் மட்டத்துக்கு இறக்கி, சூல்தண்டு நீளும் பக்கத்தில் கூடுதல் இடம் விட்டால் பூ தானாகவே நடுவை விட்டு விலகும். மூன்றில் ஒரு பங்கு விதியைக் கோடு போட்டு அளந்துகொண்டிருக்கத் தேவையில்லை.

பின்னால் தெரியும் வேலிக்கம்பியோ வெயில் பட்ட வெளிர் இலையோ கண்ணை இழுக்கும். ஓரடி நகர்ந்தாலே பெரும்பாலும் அது மறைந்துவிடும்.

வெட்டும்போது முதலில் ஓரங்களைப் பார்க்க வேண்டும். செங்காந்தள் இலையின் நுனி பற்றுக்கம்பியாகச் சுருளும்; அந்தச் சுருள் முழுதாக இருக்கட்டும், இல்லையேல் இலையின் பாதியிலேயே துணிந்து வெட்டலாம். நுனி மட்டும் அறுபட்டிருந்தால் கவனப்பிசகு போலத் தோன்றும். வெட்டுக்கும் எல்லை உண்டு. 6000 × 4000 பிக்சல் படத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கினால் 24 மெகாபிக்சலில் 6 தான் மிஞ்சும். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 10 அங்குல அகலம் கிடைக்கும். அதற்கும் பெரிதாக வேண்டுமென்றால் எடுக்கும்போதே நெருங்கிப் போக வேண்டும்.