குழு வந்தது, மசோதா வந்ததா?

கேள்வி: எங்கள் ஊர்ப் பணிகளைப் பார்வையிட சட்டமன்றக் குழு வந்தது. மசோதாக்களையும் இந்தக் குழுக்கள்தான் அலசுகின்றனவா?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: இல்லை. மாவட்டம் மாவட்டமாகச் சுற்றும் மதிப்பீட்டுக் குழு, பொதுக் கணக்குக் குழு போன்றவை அரசின் வரவு செலவையும் பணிகளையும் சரிபார்ப்பவை. ஆட்சியர் அலுவலகத்தில் அதிகாரிகளை அவை துருவித் துருவிக் கேட்கும். மசோதா அவற்றின் வேலையல்ல.

மசோதாவை ஆராய்வது அதற்கென்றே அமைக்கப்படும் தேர்வுக் குழு. அதற்கு அனுப்பும்படி உறுப்பினர்கள் கோரலாம். முடிவு பேரவையின் பெரும்பான்மையிடம். தமிழகத்தில் இது அபூர்வம். கூட்டத்தொடரின் கடைசி நாளில் வரிசையாக மசோதாக்களை எடுத்து, குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றிவிடுவதே வழக்கம்.

2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் அப்படித்தான் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று, திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். தொழிற்சங்கங்களை ஒரு குழு முன்பே அழைத்துக் கேட்டிருந்தால் இந்தச் சங்கடத்தைத் தவிர்த்திருக்கலாம்.

உங்கள் மாவட்டத்துக்கு எட்டு எம்.எல்.ஏ.க்கள். அடுத்த முறை சாலையோடு மசோதாவைப் பற்றியும் கேளுங்கள்.