பைப் எங்கே இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

போன செமஸ்டர் லேப்ல நானும் என் பேட்ச்மேட்டும் ஒரு வேலை பார்த்தோம். சென்சார் ரீடிங் மொத்தம் நாற்பது எடுத்தோம். முப்பத்தெட்டு ஒழுங்கா ஒரே கோட்டில் வந்தது, ரெண்டு மட்டும் எங்கேயோ வானத்தில் நின்றது. "அவுட்லையர்டா, தூக்கிடு" என்றான். தூக்கினோம். கிராஃப் அழகா வந்தது, ரெக்கார்டில் கையெழுத்தும் வந்தது. ஏன் அந்த ரெண்டும் அப்படி வந்ததுன்னு நாங்களும் யோசிக்கல, யாரும் கேட்கவும் இல்ல.

இந்த செமஸ்டர் ஒரு எலெக்டிவ் பிரசன்டேஷனுக்காக அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஃப்ளின்ட் நகரத் தண்ணீர்ப் பிரச்சினையைப் படித்தேன். அங்கேயும் ரெண்டே ரெண்டு ரீடிங்கைத் தூக்கியிருக்காங்க. நம்ம லேப்ல கெட்டுப்போனது ஒரு கிராஃப். அங்கே ஒரு ஊர் முழுக்க குழந்தைகள் குடிக்கிற தண்ணீர். அதனாலதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துக்கலாம். ஈயம்னு சொன்னதும் பாட்டி வீட்டு ரசம் வைக்கிற ஈயச் சொம்பு ஞாபகம் வரும். அது வெள்ளீயம், வேற உலோகம். நான் சொல்றது காரீயம், பழைய பெயின்டிலும் பேட்டரியிலும் இருக்கிற விஷம். லத்தீனில் இதுக்கு 'ப்ளம்பம்'னு பேர். பிளம்பர்ங்கிற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். அந்த அளவுக்குக் குழாய் வேலையும் காரீயமும் ஒட்டிக் கிடந்தன. வளைக்க சுலபம், மண்ணுக்குள்ள பல வருஷம் தாங்கும். அதனால் தெருவில் ஓடும் மெயின் பைப்பிலிருந்து வீட்டுக்குள் வரும் இணைப்புக் குழாயை அமெரிக்க நகரங்கள் பல இதில் போட்டன. சிகாகோவில் இப்படித்தான் போடணும்னு நகர விதியே இருந்தது. 1986-ல் நாடு முழுக்கத் தடை வரும் வரைக்கும் போட்டாங்க. இன்னைக்கும் அந்த ஒரு நகரத்தில் மட்டும் சுமார் 4 லட்சம் ஈய இணைப்புகள் மண்ணுக்குள் இருக்கு.

இதில் ஒரு விஷயம் முக்கியம். ஈயம் சுத்திகரிப்பு நிலையத்தில் கலக்கிறதில்ல. அங்கிருந்து தண்ணீர் நல்லாத்தான் கிளம்புது. கடைசி சில மீட்டரில், வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் ஈயம் ஏறுது. அப்போ நிலையத்தில் டெஸ்ட் எடுத்துப் பிரயோஜனமில்ல, வீட்டுக் குழாயில்தான் எடுக்கணும். எந்த வீட்டில்? ஈயக் குழாய் இருக்கிற வீட்டில். அது எந்த வீடுன்னு முதல்ல தெரியணுமே!

ஃப்ளின்ட் கதை இதுதான். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க, டெட்ராய்ட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த ஏரித் தண்ணீரை நிறுத்திவிட்டு ஃப்ளின்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாறினாங்க. டெட்ராய்ட் தண்ணீரில் ஆர்த்தோபாஸ்பேட் கலந்திருந்தது. அது குழாயின் உள்பக்கம் மெல்லிய படலமா ஒட்டி, ஈயத்தைத் தண்ணீர் தொடாம காக்கும். ஆற்றுத் தண்ணீரில் குளோரைடு அதிகம், ஆனா அரிப்பைத் தடுக்க எதையுமே கலக்கல. படலம் கரைந்தது, அடியில் இருந்த ஈயம் தண்ணீரில் கலந்தது. அதே வருஷம் அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் தொழிற்சாலைக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம்னு சொல்லிருச்சு, இன்ஜின் பாகம் துருப்பிடிக்குதாம். மக்களுக்கு மட்டும் இன்னும் ஒரு வருஷம் அதே தண்ணீர்தான் போச்சு.

இப்போ அந்த ரெண்டு ரீடிங். அமெரிக்க விதிப்படி மாதிரிகளை ஏறுவரிசையில் அடுக்கி, 90-வது பெர்சென்டைல் எவ்வளவுன்னு பார்ப்பாங்க. அது 15 பிபிபி-யைத் தாண்டினால், அதாவது லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டினால், ஊருக்கெல்லாம் அறிவிக்கணும், நடவடிக்கை எடுக்கணும். 2015-ன் முதல் ஆறு மாதத்தில் ஃப்ளின்ட்டில் 71 மாதிரிகள். 71-ல் 90 சதவீதம்னா 63.9, அதாவது 64-வது மதிப்பு. அது 18. எல்லையைத் தாண்டிருச்சு. அப்புறம் மாநில அதிகாரிகள் ரெண்டு மாதிரியை நீக்கச் சொன்னாங்க, 104-ம் 20-ம். மிச்சம் 69. இப்போ 62-வது மதிப்பைப் பார்க்கணும். அது 11. எல்லைக்குள்ள வந்தாச்சு, அறிவிப்பு தேவையில்ல!

நியாயமா பேசணும்னா, நீக்கினதுக்கு அவங்ககிட்ட காரணம் இருந்தது. 104 வந்தது லீஆன் வால்ட்டர்ஸ் என்பவருடைய வீட்டில். அங்கே ஃபில்டர் மாட்டியிருந்தாங்க, அதனால் விதிப்படி செல்லாதாம். (ஃபில்டர் இருந்தும் 104 வந்திருக்குன்னா, இல்லாம இருந்தா?) இன்னொன்று குடியிருக்கிற தனி வீடு இல்லையாம். சரி, விதி விதிதான்னே வைத்துக்கொள்வோம். ஆனா அதே விதிதான் இன்னொன்றும் சொல்லுது: மாதிரிகளை ஈயக் குழாய் மாதிரி ஆபத்து அதிகமுள்ள வீடுகளிலிருந்து எடுக்கணும். எங்க மாதிரிகள் எல்லாம் அப்படிப்பட்ட வீடுகள்தான்னு நகரம் எழுதிக் கொடுத்திருந்தது. அது உண்மையில்ல. எந்த வீட்டுக்கு எந்தக் குழாய்னு நகரத்துக்கே சரியா தெரியாது. தகுதி இருக்கான்னு அதிக ரீடிங் வந்த ரெண்டை மட்டும் தோண்டித் துருவினாங்க, மற்ற 69-ஐ அப்படிப் பார்க்கல. நாங்க லேப்ல பண்ணினதும் அச்சு அசல் இதுதான். அந்த முப்பத்தெட்டு ரீடிங் சரியான்னு நாங்க ஒரு தடவைகூட செக் பண்ணலையே!

சாம்பிள் எடுக்கும் முறையிலும் கோளாறு. முந்தின ராத்திரி குழாயைச் சில நிமிஷம் திறந்து விட்டுட்டு, காலையில் பிடிங்கன்னு வீட்டுக்காரங்களுக்குச் சொல்லியிருக்காங்க. குழாயில் தேங்கிய ஈயம் அப்பவே சாக்கடைக்குப் போயிடும். அந்த வழக்கத்தை விடச் சொல்லி 2016-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அதான் இபிஏ, எழுதினது. இப்போதைய விதியில் ஈய இணைப்பு உள்ள வீடுகளில் ஐந்தாவது லிட்டரையும் பார்க்கிறாங்க. ஏன் ஐந்தாவதுன்னா, முதல் லிட்டர் சமையலறைக் குழாய்க்குள் நின்ற தண்ணீர். வாசலுக்கு வெளியே மண்ணுக்குள்ள நின்ற தண்ணீர் வந்து சேர அவ்வளவு ஆகும். சின்ன லாஜிக்தான், எனக்கு ரொம்பப் பிடிச்சது.

வர்ஜீனியா டெக் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸும் அவருடைய மாணவர்களும் மக்களுக்கு பாட்டில் அனுப்பி, 250-க்கும் மேற்பட்ட வீடுகளில் தாங்களே எடுத்துப் பார்த்தபோது 90-வது பெர்சென்டைல் 25-ஐத் தாண்டியது. 2015 செப்டம்பரில் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, ரத்தத்தில் ஈயம் அதிகமுள்ள ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பங்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆயிருச்சுன்னு பத்திரிகையாளர்கள் முன்னாடி சொன்னார். முதலில் அவரைத்தான் திட்டினாங்க. அக்டோபர் 16-ல் பழைய தண்ணீருக்கே திரும்பினாங்க.

அடுத்து குழாயை மாற்றணும். எங்கே தோண்டுறது? நகரத்திடம் இருந்தது சுமார் 45,000 அட்டைகள். லைப்ரரி அட்டை மாதிரி, கையால் எழுதினது, பல தலைமுறை பழசு. கூடவே குறிப்பு எழுதின பழைய வரைபடங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃப்ளின்ட் வளாகத்தில் அந்த வரைபடங்களைக் கணினியில் ஏற்றினாங்க. ஆனா தோண்டிப் பார்த்தபோது பல இடத்தில் அட்டை ஒன்று சொன்னது, மண்ணு வேறொன்று சொன்னது.

இங்கேதான் நம்ம டிபார்ட்மென்ட் ஆட்கள் வர்றாங்க. ஜேக்கப் அபர்னெத்தி, எரிக் ஷ்வார்ட்ஸ்னு ரெண்டு பேராசிரியர்கள் மாணவர்களோடு சேர்ந்து ஒரு மெஷின் லேர்னிங் மாடல் பண்ணினாங்க. வீடு எப்போ கட்டியது, என்ன மதிப்பு, எந்தத் தெரு, அட்டையில் என்ன இருக்கு, பக்கத்தில் தோண்டினப்போ என்ன கிடைத்தது, எல்லாத்தையும் வைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஈயக் குழாய் இருக்க வாய்ப்பு எவ்வளவுன்னு சொல்லும். 2017-ல் 8,833 வீடுகளில் தோண்டி 6,228-ல் மாற்றவேண்டிய குழாய் கிடைத்தது. பத்துக்கு ஏழு! 2018-ல் வேலை ஒரு பெரிய நிறுவனத்தின் கைக்குப் போனது, மாடலை ஓரமா வச்சுட்டாங்க. அந்த வருஷம் டிசம்பர் நடுப்பகுதி வரை 10,531 வீடுகளில் தோண்டி, கிடைத்தது 1,567. நூற்றுக்குப் பதினைந்து.

இதைப் படித்ததும் "முட்டாள்தனம்"னுதான் முதலில் தோணுச்சு. அப்புறம் ஒரு வீட்டுக்காரர் இடத்திலிருந்து யோசித்தேன். ரெண்டு வருஷம் 'தண்ணீர் நல்லா இருக்கு'ன்னு பொய் கேட்டவர் அவர். இப்போ ஒரு கம்ப்யூட்டர் 'உங்க வீட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு 12 சதவீதம்தான், தோண்ட வேண்டாம்'னு சொன்னா நம்புவாரா? எல்லா வீட்டையும் தோண்டுன்னுதான் கேட்பார். மாடல் சரியா இருந்தும், அதை நம்பவைக்க வேண்டிய பழைய ரிப்போர்ட்டுகள் தப்பா இருந்தன. அந்தக் கோபத்தை எந்த அல்காரிதத்தில் ஃபீச்சரா போடுறது? 2019-ல் நீதிமன்ற உடன்பாட்டின் மூலம் மாடல் மறுபடி வேலைக்கு வந்தது. வேலை முழுக்க முடிந்ததாக மாநில அரசு சொன்னது 2025 ஜூலையில்தான், கிட்டத்தட்ட 11,000 ஈயக் குழாய்களை மாற்றி.

ஃப்ளின்ட் மட்டும்தான் இப்படின்னு நினைக்காதீங்க. தலைநகர் வாஷிங்டனில் 2000-ல் கிருமிநாசினியை குளோரினிலிருந்து குளோரமைனுக்கு மாற்றினதில் அதே மாதிரி ஈயப் படலம் உடைந்தது. 2003-ல் 6,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் டெஸ்ட் எடுத்ததில் மூன்றில் ரெண்டு பங்கு எல்லைக்கு மேல். ஊருக்கு விஷயம் தெரிந்தது 2004 ஜனவரி 31 அன்று, வாஷிங்டன் போஸ்ட் செய்தி போட்ட பிறகு. அதுவரை மக்களுக்கு எதுவும் அனுப்பவில்லையான்னா, அனுப்பியிருக்காங்க. நல்ல பேப்பரில் அச்சடித்த துண்டறிக்கை. சட்டம் போடச் சொன்ன எச்சரிக்கை வாசகத்தை மட்டும் நீர்த்துப்போக வச்சிருந்தாங்க.

இந்த ரெண்டு ஊர் அனுபவமும் சேர்ந்துதான் இப்போதைய விதி. 2024 அக்டோபர் 16-க்குள் அமெரிக்காவின் ஒவ்வொரு ஊர்க் குடிநீர் அமைப்பும் தன் இணைப்புக் குழாய்களின் பட்டியலைத் தரணும்னு இபிஏ கெடு வைத்தது. (ஃப்ளின்ட் பழைய தண்ணீருக்குத் திரும்பி சரியா ஒன்பது வருஷம். தற்செயல்தான்னு நினைக்கிறேன்.) பட்டியலை யாரும் பார்க்கலாம், 50,000 பேருக்கு மேல் தண்ணீர் தரும் அமைப்புன்னா இணையத்தில் போடணும். பல ஊர்கள் மேப்பாகவே போட்டிருக்கு.

அந்த மேப்பைத் திறந்தால் எல்லா வீடும் நாலு வகைக்குள் வரும். ஈயம், ஈயம் இல்லை, துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில் ஈயத்துகள் படிந்திருக்கலாம், மாற்றணும், கடைசியா 'தெரியவில்லை'. இந்த நாலாவதுதான் எனக்குப் பெரிய விஷயமா பட்டது. நம்ம பரீட்சையில் தெரியலன்னு எழுதினா பூஜ்யம். இங்கே அதையும் ஒரு விடையா எழுதணும். வெறுமனே விடக்கூடாது, 'இல்லை'ன்னு அடிச்சு விடவும் கூடாது. 'தெரியவில்லை' வந்த வீட்டுக்கும் முப்பது நாளுக்குள் கடிதம் போகணும்: உங்க குழாய் ஈயமா இருக்கலாம், இப்படிப் பாருங்க, அதுவரை இப்படிக் குடிங்கன்னு. பார்க்கும் முறையும் ரொம்ப சிம்பிள். குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் காசால் லேசா சுரண்டணும். பளபளன்னு வெள்ளி நிறம், மெத்துன்னு சுரண்ட வருது, காந்தம் ஒட்டல, அப்போ ஈயம். காந்தம் ஒட்டினா இரும்பு. செம்பு நிறம்னா செம்பு. வீட்டுக்காரர் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் அதையும் பட்டியலுக்கு எடுத்துக்கிற ஊர்கள் இருக்கு. 45,000 அட்டையால் முடியாததை இப்படி ஒவ்வொரு வாசலா நிரப்புறாங்க.

2024 அக்டோபரிலேயே வந்த அடுத்த விதி, பெரும்பாலான ஊர்கள் பத்து வருஷத்தில் ஈயக் குழாய்களை மாற்றணும்னு சொல்லுது, 15 பிபிபி எல்லையை 10-ஆகக் குறைக்குது. எந்த எல்லையா இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். நீங்களே எக்ஸெல்லில் எழுபது நம்பர் போட்டு, 90-வது பெர்சென்டைல் எடுத்து, மேலிருந்து ரெண்டை அழித்துப் பாருங்க. எவ்வளவு சுலபமா இறங்குதுன்னு தெரியும்.

எங்க லேப் ரெக்கார்ட் போன செமஸ்டரோட முடிஞ்சது, அதைத் திருத்த முடியாது. ஃபைனல் இயர் ப்ராஜெக்டில் அதே சென்சார்தான். போன வாரம் ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். ஒயரில் ஒரு சால்டர் லூசா இருந்தது, சூடானா மட்டும் விட்டுப்போகுது. ரிப்போர்ட்டில் எல்லா ரீடிங்கும் டேபிளில் இருக்கு, காரணம் கீழே ஒரு வரி. கிராஃப் அசிங்கமா இருக்கு. கைடு இன்னும் பார்க்கல.