தாய்மார்களே, வளையப்பந்து ஆட வாருங்கள்!



பள்ளிக்கூடத்தில் வளையப்பந்து ஆடிய நினைவு இருக்கிறதா? டென்னிகாய்ட் என்பதும் அதுவேதான். அந்த ரப்பர் வளையத்தைக் கடைசியாக எப்போது தொட்டீர்கள்? "கல்யாணமாகி ரெண்டு புள்ளையும் பெத்தாச்சுங்க. இனி எனக்கென்ன வெளையாட்டு?" என்கிறீர்களா? இனிமேல்தான் அது உங்களுக்கு மிகவும் தேவை.

"நாளெல்லாம் வேலைதானுங்களே செய்யறோம்?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஆட்டுக்கல்லின் வேலையைக் கோயமுத்தூரிலேயே பிறந்த கிரைண்டர் செய்கிறது. மில்லிலும் பனியன் கம்பெனியிலும் ஒரே இடத்தில் நின்றோ உட்கார்ந்தோ வேலை. கை அலுக்கிறது, மூச்சு வாங்குவதில்லை. பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது சற்றே மூச்சு வாங்கும் உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரை மணி, வாரம் 5 நாள் ஆடினால் கணக்கு சரி. சர்க்கரை நோயையும் ரத்தக்கொதிப்பையும் தள்ளி வைக்க இது உதவும்.

கப்பல் மேல்தளத்தில் பயணிகள் பொழுதுபோக்காக ஆடிய ஆட்டம் இது. 1920-களில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஹெர்மன் ஷ்னைடர் என்பவர் இதைத் தரைக்குக் கொண்டுவந்தார். குறுகிய கப்பல் தளத்தில் ஆடியதை நம் வீட்டுக் களத்தில் ஆட முடியாதா?

இடம்

இரட்டையர் ஆட்டத்துக்கு 40 அடி நீளம், 18 அடி அகலம். ஒற்றையர் ஆட்டத்துக்கு 12 அடி அகலம் போதும். நடுவில் 6 அடி உயரத்தில் வலை. வலை இல்லாவிட்டால் துணி காயப்போடும் கயிற்றைக் கட்டி, பழந்துணியைக் கிழித்துத் தொங்கவிடுங்கள். வலையின் இருபுறமும் 3 அடிக்குக் கோடு போடுங்கள். அந்தப் பகுதியில் வளையம் விழக்கூடாது. யாரும் கால் வைக்கவும் கூடாது.

விதிகள்

1. பின்கோட்டுக்கு வெளியே நின்று, மூலைவாட்டில் எதிர்ப்பக்கம் வீசி ஆட்டத்தைத் தொடங்க வேண்டும்.

2. ஒரே கையால் பிடிக்க வேண்டும். வளையம் உடம்பிலோ மறு கையிலோ படக்கூடாது.

3. பிடித்த இடத்திலிருந்தே, பிடித்த கையாலேயே, உடனே திருப்பி வீச வேண்டும். வீசுவதுபோல் பாசாங்கு கூடாது.

4. வளையம் மேல்நோக்கிப் போக வேண்டும். ஓங்கிக் கீழே அடிப்பது தவறு.

5. 21 புள்ளி எடுத்தால் ஒரு ஆட்டம் வெற்றி. மூன்றில் இரண்டு ஜெயித்தவரே வென்றவர்.

ஆடும் முறை

விரலை விறைப்பாக நீட்டாதீர்கள், சுளுக்கிக்கொள்ளும். கையைத் தளர்த்தி, வளையம் வரும் போக்கிலேயே சற்றுப் பின்வாங்கிப் பிடியுங்கள். தாழ்ந்து வந்தால் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். இடக்கையையும் பழக்குங்கள், இரு பக்கமும் காக்கலாம். எதிராளி நிற்கும் இடத்துக்கு வீசாமல் காலியான மூலைக்கு வீசுங்கள்.

கண்ணாடி வளையலைக் கழற்றி வையுங்கள். முந்தானையை இழுத்துச் செருகுங்கள். தரையில் கல், முள் பொறுக்குங்கள். வெயில் தாழ்ந்த பிறகு ஆடி, போதிய தண்ணீர் குடியுங்கள்.

யார் கேட்டுவிட்டு ஆட வேண்டும்?

"குடும்பக்கட்டுப்பாடு ஆப்பரேஷன் பண்ணியிருக்கேன், ஆடலாமுங்களா?" தாராளமாக ஆடலாம். ஆப்பரேஷன் செய்த உடனே கூடாது. புண் ஆறி, டாக்டர் சரி என்ற பிறகு தடையே இல்லை. அந்த ஆப்பரேஷனால் ஆயுளுக்கும் உடம்பு பலவீனமாகிவிடும் என்பது வீண் பயம். மாதவிலக்கு நாளிலும் உடம்புக்கு ஏற்றால் ஆடலாம். கர்ப்பிணிகள், அண்மையில் பிரசவித்தவர்கள், இதயக் கோளாறோ ரத்தக்கொதிப்போ உள்ளவர்கள் முதலில் டாக்டரையோ கிராம சுகாதார செவிலியரையோ கேளுங்கள். ஆடும்போது நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால் உடனே நிறுத்திவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை: சாயந்திரம் அரை மணி நேரம் குழந்தையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அரை மணி கிடைக்காததால்தான் பலர் ஆட்டத்தையே மறந்தார்கள்.

அம்மா ஆடினால் பிள்ளையும் ஆடும்; குடும்பமே நலம் பெறும்!